அம்மாளுவுக்கு யார் ஜாமீன்?

இலக்கிய விமர்சனம் எழுதித் தரச் சொல்லித்தான் தோழர்கள் கேட்டார்கள். நான் ஒரு துண்டுச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். அதுவும் பிரதிதான். இலக்கியம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த பல பிரதிகளைவிட இது எங்கள் வீட்டில் அதிகம் வேலை செய்திருக்கிறது.

"தங்கள் கடன் விண்ணப்பம் நடப்பு விதிமுறைகளின்படி பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." பதினொரு சொற்கள். கீழே ரப்பர் ஸ்டாம்பு, ஒரு கிறுக்கல் கையெழுத்து. மேலே அம்மாவின் பெயர், அதிலும் ஒரு எழுத்தைக் காணோம். எம்.ஏ. தமிழ் படித்தவளாயிற்றே, பழக்கதோஷம், எழுவாயைத் தேடினேன். பரிசீலிக்க இயலாதது யாருக்கு? தெரிவித்துக்கொள்வது யார்? ஒருவரும் இல்லை. அந்த வாக்கியத்தில் இருக்கிற ஒரே எழுவாய் 'விண்ணப்பம்'. விண்ணப்பம்தான் அப்படி ஒரு நிலையில் போய் உட்கார்ந்துகொண்டதாம். குற்றம் செய்தது எங்கள் காகிதம், சங்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது. மறுப்பவன் முகம் தெரியாமல் மறுப்பு மட்டும் வந்து சேர்கிற இந்த நடையை நாம் நம் இலக்கிய வரலாற்றில் எந்த அத்தியாயத்தில் வைப்பது?

"இன்னா பாப்பா எழுதிகீது?" என்று அம்மா கேட்டாள். "இல்லைன்னு எழுதியிருக்குமா" என்றேன். "அத்த சொல்ல இம்மாம் நீளமா?" என்றாள்.

நாங்கள் தேனாம்பேட்டை. மூன்று தலைமுறையாக இங்கேதான். அண்ணா சாலையிலிருந்து உள்ளே வந்தால் நாலு நிமிஷம். வாரியக் குடியிருப்பு, தாத்தா பேரில் ஒதுக்கீடு. கட்டடம் பழசு, மேல்தளம் உதிர்கிறது, இடித்துத்தான் கட்ட வேண்டும், அதில் எனக்கு வழக்கில்லை. கட்டி முடிக்கும்வரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை. (கருணை என்ற சொல்லைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.) அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். மூன்றும் ஆழ்வார்பேட்டையில், காலையில் நடந்தே போய்விடுவாள். அதனால் தூரமாகப் போக முடியாது. பக்கத்தில் ஒற்றை அறை 8,000 வாடகை, 50,000 அட்வான்ஸ் என்றார்கள். இருபத்துநாலாயிரத்தையும் கையில் இருந்த கொஞ்சத்தையும் வைத்துப் பார்த்தால், வீடு மாறும் செலவு போக இன்னும் முப்பதாயிரம் வேண்டும். அம்மா 19 வருஷமாக மாசம் நூறு ரூபாய் கட்டி வரும் ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முன்பு இரண்டு முறை வாங்கித் திருப்பிக் கட்டியும் இருக்கிறாள். அங்கே போனோம்.

சங்கத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை. ஒரு குமாஸ்தாவைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அதன் பழைய போர்டில் இருக்கும் இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டும்: 'சிக்கன நாணய'. கடன் சங்கத்துக்கு நம் முன்னோர் வைத்த தமிழ். தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மை. காசு உள்ளவனே நேர்மையானவன் என்ற முடிவை ஒரே சொல்லுக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே கடன் மறுக்கப்படுகிறபோது பணம் மட்டும் மறுக்கப்படுவதில்லை. உனக்கு நாணயம் இல்லை என்றும் சொல்லப்படுகிறது. அம்மாவுக்கு வலித்தது அந்த இரண்டாவது அர்த்தம்தான்.

கவுன்ட்டரில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, உன் பேர்ல செட்டில்டுன்னு காட்டுதே." அம்மா முகம் மலர்ந்து, "ஆமா சார், செட்டில் பண்ட்டேன் சார், பாக்கி ஒண்ணும் இல்ல" என்றாள். "அதாம்மா பிரச்சினையே." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க படிச்சவங்கதானே மேடம், எடுத்துச் சொல்லுங்க" என்றார். அம்மாவுக்கு 'நீ', எனக்கு 'நீங்க'. ஐம்பத்தெட்டு வயசு அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பட்டம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயம் இதுதான். 2019-இல் அம்மா ஒரு தனியார் கம்பெனிக் குழுவில் சேர்ந்து கடன் வாங்கினாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. வேலை செய்த வீடுகளில் வராதே என்றார்கள். ரிசர்வ் வங்கி அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது, தவணை தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. அடுத்த வருஷம் கம்பெனி ஆள் வந்து, "ஆறாயிரம் ஒரே தபா கட்டுங்க, மிச்சத்த கம்பெனி வுட்ரும்" என்றான். காதுத் தோட்டை வைத்துக் கட்டினாள். அவன் கைகுலுக்கிவிட்டுப் போனான். அந்தக் கைகுலுக்கலுக்குச் சிபில் அறிக்கையில் பெயர் 'செட்டில்டு'. முழுதாகக் கட்டியவருக்கு வேறு சொல், 'க்ளோஸ்டு'. நம் தெருவில் ஒருவன் செட்டில் ஆகிவிட்டான் என்றால் நல்லபடியாக இருக்கிறான் என்று பொருள். அந்த அறிக்கையில் அது கறை. ஒரே சொல், இரண்டு சாதி.

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' 1934-இல் மணிக்கொடியில் வந்தது. தமிழ் படித்தவர்கள் யாரும் அதைத் தாண்டி வர முடியாது. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரப் புருஷன் முருகேசன், அவன் கேட்கும் பால் கஞ்சி, கையில் காசில்லை, கூலி போடும் நாள் இன்னும் வரவில்லை, குழாயடி, இருட்டுச் சந்து, முக்கால் ரூபாய். கடைசியில் கற்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முகத்தில் அறைகிற மாதிரி ஒரு முடிப்பு. எம்.ஏ. பரீட்சையில் 'பொன்னகரம் காட்டும் கற்பு' என்று கேள்வி கேட்டார்கள். நானும் எட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல மார்க்கு. இன்று அந்த எட்டுப் பக்கமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்தக் கதை கற்பைப் பற்றியது என்று நாம் ஒப்புக்கொண்டதே முதல் தோல்வி. அம்மாளுவுக்குத் தேவைப்பட்டது முக்கால் ரூபாய் கடன். அதுவும் கூலி நாள் வரைக்கும். அவளுக்கு வேலை இருக்கிறது, சம்பளம் வரப்போகிறது, இன்றைய மொழியில் சொன்னால் வருமானம் உள்ள விண்ணப்பதாரர். புதுமைப்பித்தனுக்கு இது தெரியும். கூலி நாளை மெனக்கெட்டுக் குறிப்பிடுகிறார், அந்த நேர்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் குறிப்பிட்டுவிட்டு நேரே சந்துக்கு நடந்துவிடுகிறார். நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது: அத்தனை பெண்கள் நிற்கும் குழாயடியில் அவள் ஏன் ஒருத்தியிடமும் கேட்கவில்லை? எங்கள் தெருவில் இதற்குக் கைமாத்து என்று பேர். வட்டி கிடையாது, சீட்டு கிடையாது, சாட்சி கிடையாது. "நாளன்னிக்கி தரேன்கா" என்றால் முந்தானை முடிச்சு அவிழும். சேரியின் பொருளாதாரமே அந்த முடிச்சில்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு குழாயடிச் சண்டை தெரியும், கைமாத்து தெரியாது. அம்மாளுவைத் தெருவிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தால்தான் அவளைச் சந்துக்குள் அனுப்ப முடியும். அந்தப் பிரித்தெடுத்தலைத்தான் இத்தனை வருஷம் 'யதார்த்தம்' என்று படித்திருக்கிறோம். இப்படி ஒரு வாசிப்பை எழுதி வைத்திருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அச்சுக்கு அனுப்புமுன் அம்மாவிடம் கதையைப் படித்துக் காட்டினேன். மண்ணெண்ணெய் விளக்கு, சந்து எல்லாம் கேட்டு ஊங்கொட்டிக்கொண்டு வந்தாள். முடித்ததும், நான் எதிர்பார்த்தபடியே, "முக்கா ரூபாக்கா? பக்கத்தூட்டுல கேட்டா குட்த்திருப்பாளே" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "இல்ல பாப்பா. அவ ஏற்கெனவே வாங்கிகீறா. குட்கல. குட்காத கடனுக்கு மேல எப்டிக் கேப்பா? மூஞ்சி எங்க வச்சிக்குவா?"

என் கட்டுரை அந்த இடத்தில் விழுந்துவிட்டது. நான் கைமாத்தைக் கொண்டாடி, சேரியை ஒரு சொர்க்கமாக்கி, புதுமைப்பித்தனை ஜெயிக்கப் பார்த்தேன். அம்மா அம்மாளுவின் பழைய பாக்கியைப் பார்த்தாள். கதையில் எழுதப்படாத ஒரு கடனை, அதைக் கேட்க முடியாத வாயை, அவள் வாசித்தாள். கடன் கிடைக்காததற்குக் காரணம் எப்போதும் கொடுப்பவனின் கல்நெஞ்சு மட்டுமில்லை, முன்னால் வாங்கியது கழுத்தைப் பிடிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். குழாயடியில் அந்தப் பழைய பாக்கியை மறக்க முடியும். "பரவால்ல, அத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்த வாய் இல்லை. ஆறாயிரம் கட்டிய பெண்ணுக்கு ஊரடங்கு என்று ஒன்று இருந்ததை அது ஒரு ஓரமாகக்கூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

கடன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழில் அது கடமை. புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு, பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள்: தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு, வேந்தனுக்கு, காளைக்கு என்று வரிசையாகப் பங்கிட்டுக் கொடுக்கும் பாட்டு. கொல்லன் வேல் வடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். கொல்லனுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் யாருக்கு என்று பாட்டு சொல்வதில்லை. உழைக்கிறவனின் கடன் மட்டும் தீராத கடன். பிறகு வந்த உவமை ஒன்று, கடன்பட்டவன் நெஞ்சைப் போல இலங்கை வேந்தன் கலங்கினான் என்பது. கம்பன் பேரில் மேடைதோறும் சொல்கிறார்கள். கம்பராமாயணத்தில் தேடினால் கிடைக்காது. யார் சொன்னதாகவும் இருக்கட்டும். கடன்பட்டவன் நெஞ்சுக்கு ஒரு ராஜாவைத் துணைக்குக் கூப்பிட முடிகிறது. கடன் கேட்டுப் போய், சீட்டை வாங்கிக்கொண்டு, அண்ணா சாலை சிக்னலில் நிற்கிறவள் நெஞ்சுக்கு இரண்டாயிரம் வருஷத்தில் ஒரு உவமையும் சேரவில்லை.

மறுப்பு எப்படி வேலை செய்யும் என்பதை நம் இலக்கியத்தில் சரியாகக் காட்டியது, என் கணக்கில், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். சேக்கிழாரின் திருநாளைப்போவார் கதையில் வேதியர் என்ற ஆண்டை கிடையாது. அவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்தவர் பாரதி. தஞ்சைப் பண்ணையைப் பார்த்தவர் அல்லவா. பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் கடைசியில் என்ன சொல்கிறார்? போகாதே என்று சொல்வதில்லை. நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். இதுதான் விதிமுறை. 'மாட்டேன்' என்று சொன்னால் அது கொடுமை, பழி வரும். 'தாராளமாக, இந்தத் தகுதிகளைப் பூர்த்தி செய்துவிட்டு வா' என்றால் அது நிர்வாகம். நந்தனுக்குத் தெய்வம் வந்து ஒரே ராத்திரியில் விளைவித்துக் கொடுத்தது. அம்மாவுக்கு ஸ்கோரை ஏற்றித் தர எந்தத் தெய்வமும் வரவில்லை, வந்தாலும் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள்.

ஜாமீன்தாரர் விஷயத்தைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிதான். எங்கள் வரிசையில் ஒரு மாமா இருந்தார். மாநகராட்சியில் துப்புரவுப் பணி, பர்மனென்ட். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, 'பர்மனென்ட்டு மாமா'தான். பதினோரு பேருக்கு ஜாமீன் போட்டவர். என் கல்லூரி அட்மிஷன் பணத்துக்கும் அவர் சம்பளச் சீட்டுதான் பின்னால் நின்றது. சாக்கடைக்குள் இறங்கி வாங்கிய அந்தச் சீட்டு, எங்கள் தெருவின் ஒரே சொத்துப் பத்திரம். 2000-இல் சென்னைக்கு ஓனிக்ஸ் வந்தது. அதன்பின் கம்பெனிகள் மாறின, குப்பை மாறவில்லை, அள்ளுகிற கையும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, பர்மனென்ட். தேனாம்பேட்டை ஒன்பதாவது மண்டலம், இங்கேயும் வேலை தனியார் கையில். அம்மாவும் சில வருஷம் கான்ட்ராக்டில் பெருக்கினாள். அந்தச் சம்பளச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மாமா ஓய்வு பெற்றார், இறந்தார். அவரோடு பதினோரு வீட்டு ஜாமீனும் சுடுகாட்டுக்குப் போயிற்று.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து, ஆறாவது மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று கேட்டார்கள். பெரும்பாலும் நம் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. நானும் நாலைந்து நாள் அங்கே போய் உட்கார்ந்தேன், பாட்டுக் கட்டினோம், பேசினோம். எழுத்தாளர்கள் வந்து சுயமரியாதை பற்றிப் பேசினார்கள், சம்பளக் குறைப்பு பற்றிப் பேசினார்கள், எல்லாம் சரி. ஒரு அக்கா மட்டும் என் காதில் சொன்னாள்: "பர்மனென்ட் ஆய்ட்டா நாலு பேருக்கு கையெழுத்து போடலாம்மா." அந்த வாக்கியம் எந்த மேடையிலும் ஏறவில்லை. நானும் ஏற்றவில்லை. அது போராட்டக் கோரிக்கை மாதிரி எனக்கு அப்போது கேட்கவில்லை.

கூட்டுறவு என்றால் ஏதோ சமத்துவம் என்று நம் இடதுசாரித் தோழர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். யார் யார் சேர்ந்து சங்கம் அமைக்கலாம்? ஒரே ஊர்க்காரர்கள், அல்லது ஒரே குலம், வகுப்பு, சாதியைச் சேர்ந்தவர்கள். சாதி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் ஒளிக்கவில்லை. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்பது என்பதுதான் தத்துவம். ஊரில் ஒருவரை ஒருவர் 'அறிவது' எதை வைத்து என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று இருக்கும் இடத்தில் 'ஒரே ஊர்க்காரர்கள்' என்பதற்குள் நாம் இருந்தோமா?

எங்களுக்குப் பக்கத்து மயிலாப்பூரைப் பாருங்கள். 1872-லேயே அங்கே இந்து பெர்மனென்ட் ஃபண்ட் வந்துவிட்டது. பேரிலேயே இந்துவும் உண்டு, பெர்மனென்ட்டும் உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஊரெல்லாம் பணம் போனபோது, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷமே இந்தியன் வங்கியைத் தொடங்கிவிட்டார்கள். குறை சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம்தான். பணத்தை இழந்தவர்கள் பத்து மாதத்தில் வங்கி கட்டுகிறார்கள். நம்மவர்களுக்கு 1920-க்குப் பிறகு லேபர் டிபார்ட்மென்ட் வந்தது. அதன் கீழ் நம் தாத்தாக்களும் சங்கம் வைத்தார்கள். எதற்கு? குடியிருக்கும் மனைக்குத் தவணை கட்ட. நிலம் போயிற்று, பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்கு 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் சுட்டார்கள். அடமானம் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கவுன்ட்டரில் கேட்கிறபோது இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. குமாஸ்தாவுக்கு அது தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை.

2025 மே மாதக் கடைசியில் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். பயிர்க்கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்க வேண்டும் என்று. விவசாயச் சங்கங்கள் கொதித்தன, கட்சித் தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். உடனே அமைச்சர் விளக்கம் சொன்னார்: ஸ்கோர் பார்க்க மாட்டோம், வேறு வங்கியில் பாக்கி இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்போம். நிலம் உள்ளவர்கள் சத்தம் போட்டால் சுற்றறிக்கைக்கு விளக்கம் வருகிறது. நல்லது, அவர்கள் சத்தம் நியாயம்தான். அட்வான்ஸுக்கு முப்பதாயிரம் கேட்டவளுக்கு எந்தக் கட்சியில் பிரிவு இருக்கிறது? அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள், முதல்முறை கடன் கேட்பவரைக் கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் நிராகரிக்கக் கூடாதென்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறதாம். அம்மாவுக்கு வரலாறு இல்லாமலில்லை. இருக்கிறது, அதுதான் தொந்தரவு.

சரி, தனியார் குழுக் கடனுக்காவது போகலாம் என்றால், 2022-இல் ரிசர்வ் வங்கி போட்ட வரையறைப்படி குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குள் இருந்தால்தான் அது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அம்மாவுக்கு மாசம் 12,000, பிழை திருத்தியும் டியூஷன் எடுத்தும் எனக்கு 14,000. வருஷத்துக்கு 3,12,000. பன்னிரண்டாயிரம் ரூபாயால் நாங்கள் ஏழையில்லை. அதே விதியில் இன்னொன்றும் உண்டு, மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அது நல்ல விதி. ஆந்திராவில் 2010-இல் குழுக் கடன் கட்ட முடியாமல் பெண்கள் செத்ததை மறந்துவிட்டு, விதியே வேண்டாம் என்று நான் எழுதினால் அது அயோக்கியத்தனம். கடன் கழுத்தை நெரிக்கும் என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் விதி கதவைச் சாத்துகிறபோது தேவை வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறது, அது வேறு கதவைத் தட்டும்.

வேறு கதவு எது என்று சென்னையில் எல்லாருக்கும் தெரியும். தண்டல். பத்தாயிரம் என்று பேர், கையில் தருவது எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு ரூபாயாக நூறு நாள். வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேலே போகும், உட்கார்ந்து கணக்குப் போட்டால் தலை சுற்றும். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபர் 23-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் மனுமேல் மனு கொடுத்து அலுத்துப்போன ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு எரிந்ததும் அந்தச் சட்டம் இருந்தபோதுதான். 2025-இல் வசூல் கெடுபிடியைத் தடுக்க இன்னொரு சட்டமும் வந்தது. எல்லாம் வசூலைப் பற்றி. மறுப்பைப் பற்றி ஒரு சட்டமும் இல்லை.

ஒன்று எங்களுக்குள்ளும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'கருக்கு' 1992, 'கோவேறு கழுதைகள்' 1994. இந்த முப்பது வருஷத்துத் தலித் எழுத்தில் பசி இருக்கிறது, அவமானம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சாவு இருக்கிறது. விண்ணப்பப் படிவம் எங்கே? ஜாமீன் கையெழுத்து எங்கே? நாமும் சாதியை ஊர்த் தெருவில், டீக்கடை டம்ளரில், கோயில் வாசலில் தேடப் பழகிவிட்டோம். ஏசி போட்ட கவுன்ட்டரில் அது செயப்பாட்டுவினையில் பேசுகிறபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை. அம்பேத்கர் தெரிந்து வைத்திருந்தார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாக அங்கே பத்து வருஷம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தவர் அவர். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் 1917-இல் பரோடா போனார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேரை மறைத்துப் பத்து நாள், பதினோராவது நாள் தடியோடு வந்துவிட்டார்கள். கடனும் வீடும் எப்படி ஒரே கயிற்றின் இரண்டு முனை என்பதை அவர் சுயசரிதைக் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார். நாங்கள் வீடு தேடிய தெருக்களில் தடி இல்லை. "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்ற கேள்வி இருந்தது. அதற்கடுத்து, "சொந்த ஊர் எது?" தேனாம்பேட்டை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். "இல்ல, பூர்வீகம்?"

எங்கள் தெருமுனைக்குக் கீழே மெட்ரோ ரயில் போகிறது. முதல் கட்டம் பெரும்பாலும் ஜப்பான் கடன். வாங்கியது இந்திய அரசு, திருப்பிக் கட்டப் பல பத்தாண்டு அவகாசம். மேலே 2024-இல் வேலை தொடங்கிய தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை இரும்பு மேம்பாலம், மதிப்பீடு 621 கோடி. நகரம் கடனில்தான் ஓடுகிறது, கடன் வாங்குவது கேவலம் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அம்மாவின் பெயரில்தான், அவள்தானே உறுப்பினர். எந்த விதி, எந்தத் தேதியில் யார் போட்டது, எங்கள் விண்ணப்பத்தை யார் பார்த்தார், எழுத்தில் தெரிவிக்கவும் என்று. எல்லா வாக்கியத்திலும் எழுவாய் வைத்தேன். அம்மா கையெழுத்துப் போட்டாள். குழுவில் சேரத்தான் அவள் கையெழுத்துக் கற்றாள், இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போடுவாள். பதில் வரவில்லை.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். தண்டல்காரர் சாயங்காலம் ஆறரைக்கு வண்டியில் வருவார். முப்பதாயிரம் என்று பேர், தந்தது இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு, குறைந்ததற்கு என் ட்யூஷன் பிள்ளை ஒன்றின் அம்மா கைமாத்து தந்தார். தினம் முந்நூறு. நடுவில் இரண்டு நாள் மழையில் வேலைக்குப் போக முடியாமல் அம்மா கட்டவில்லை, மூன்றாம் நாள் சேர்த்து வாங்கிக்கொண்டார். அவர் தரும் மஞ்சள் அட்டையை நேற்றுத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். 41 கட்டத்தில் இனிஷியல் போட்டிருக்கிறது. மேலே அம்மாவின் பெயர், ஒரு எழுத்துகூட விடாமல்.